துளையைக் கண்டு பூச்சியை அறிதல்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகு வரும்வரை காத்து நிற்போர் பெரும்பாலும் கடலையே நோக்கி நிற்பர். சற்றுத் திரும்பிப் புங்குடுதீவுப் பக்கம் நோக்குவாராயின், பனைகளுள்ளும் தென்னைகளுள்ளும் சில, கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டாற்போன்ற ஓலைகளுடன் நிற்றலைக் காணக்கூடும். வேறு சில தலை முழுவதையும் இழந்து வெறுங் கம்பங்களாய் நிற்கும். “வண்டு அடித்துவிட்டது” என்று ஊரவர் ஒரே சொல்லிற் காரணங் கூறிவிடுவர். அச்சொல் பிழையன்று, ஆயினும் அது போதாது. எந்த வண்டு அடித்தது என்பது தெரிந்தாலன்றி எஞ்சிய மரங்களைக் காத்தல் இயலாது.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் தீவகத்தைப் பிறப்பிடமாக உடையோர் பலர். அவர்களுள் அநேகருக்கு வளவு புங்குடுதீவிலும் வேலணையிலும் நயினாதீவிலும் இருக்க, வாழ்வு கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அமைந்துவிட்டது. ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வருங்கால் ஒருமுறை வளவைச் சுற்றிப் பார்க்கின்றனர். வாடிய மரமொன்றைக் காண்கின்றனர். அன்று மாலைக்குள், ‘தறித்துவிடு’ என்றோ, ‘நல்ல நஞ்சாக வாங்கி ஊற்று’ என்றோ சொல்லிவிட்டுப் புறப்படுகின்றனர். தறிக்க வேண்டாத மரம் தறிபடுவதும், உடனே அகற்றவேண்டிய மரம் நின்று அயல் வளவுகளுக்குங் கேடு பரப்புவதும் இவ்வாறே நிகழ்கின்றன. ஆதலால், மரந் துளைக்கும் உயிர்களை அவை விட்டுச் செல்லும் அடையாளங்களைக்கொண்டு இனங்காணும் முறையை இங்கே கூற எண்ணினோம். விலங்கியல் பயிலும் இளைய மாணவர்க்கும் இது பயன்படுமாயின் மகிழ்வோம்.

மரந் துளைக்கும் பூச்சியை நாம் நேரிற் காண்பது அரிது. அது மரத்தின் உள்ளே வாழ்வது. வெளியே வரின் இரவில் வருவது. நமக்குக் கிடைப்பன துளையும், துளையிலிருந்து வெளித்தள்ளப்பட்ட கழிவுமே. எனவே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி பூச்சியைப் பற்றியதன்று. மரம் உயிருள்ளதா, பட்டுப்போனதா, அல்லது அறுத்துச் சலாகையாக்கிய மரமா? துளை எங்கே இருக்கின்றது, எவ்வளவு பெரியது, வட்டமானதா? துளையின் வாயிற் கிடப்பது நாரா, தூளா, உருண்டையா, பசையா? இவற்றுக்கு விடை கண்டபின் பூச்சியின் பெயர் தானே வந்துவிடும் என்று கூறின் அது மிகையாகாது.

இன்னுமொன்றை முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும். பனையும் தென்னையும் மாவையும் பூவரசையும் போன்ற மரங்கள் அல்ல. மாமரத்தில் பட்டைக்கும் மரத்துக்கும் இடையே வளரும் இழையப் படை ஒன்று உண்டு. அதனால் அம்மரம் ஆண்டுதோறும் பருக்கின்றது, காயம்பட்ட இடத்தை மூடிக்கொள்கின்றது, ஒரு கொம்பு போனால் வேறொரு கொம்பு விடுகின்றது. பனைக்கும் தென்னைக்கும் அத்தகைய படை இல்லை. சிறுவயதில் தண்டில் விழுந்த வெட்டு அம்மரம் சாகும்வரை வெட்டாகவே இருக்கும். வளரும் நுனியும் ஒன்றே ஒன்றுதான். அது குருத்தின் அடியில் மறைந்துள்ளது. அதனை ஒரு புழு தின்றுவிட்டால் அறுபது அடி உயர்ந்த மரமும் முடிந்துபோம். இக்காரணத்தால் மாவில் நாம் ஒரு மாதந் தாமதித்தாலும் பாதகமில்லை. தென்னையில் ஒரு மாதம் பெரிது.

தென்னந் தலையில் முதலிற் சந்தேகிக்க வேண்டியது கருவண்டு. காண்டாமிருக வண்டு என்பதும் இதுவே. ஓர் அங்குலத்துக்கு மேல் இரண்டு அங்குலம்வரை நீண்டு, மினுங்குங் கருநிறமாய், தலையிற் பின்னோக்கி வளைந்த ஒரு கொம்புடன் இருக்கும். ஆணின் கொம்பு நீளமானது. பெண்ணின் கொம்பு குறுகியது, அதன் வாற்பக்கத்தில் செம்மயிர் அடர்ந்திருக்கும். வண்டு இரவிற் பறந்து வந்து, மட்டையின் அடிப்பக்கத்தாற் புகுந்து, விரியாத குருத்தினூடே துளைத்துச் சென்று அதன் சாற்றை உறிஞ்சுகின்றது. விரியாத ஓலை விசிறிபோல மடிந்திருப்பதால், ஒரு துளை பல ஈர்க்குகளை ஒருங்கே அறுத்துவிடும். பின்னர் அவ்வோலை விரியும்போது இருபுறமும் ஒரே அளவாக முக்கோண வெட்டுகள் தோன்றும். சிறுபிள்ளைகள் கடதாசியை மடித்து மூலையைக் கத்தரித்து விரித்துப் பார்ப்பது போன்றது இது. இவ்வெட்டைக் கண்டால் வேறு சான்று வேண்டியதில்லை, கருவண்டு வந்துபோயிற்று.

வந்துபோயிற்று என்றுதான் சொன்னோம். இருக்கின்றதா என்பது வேறு விடயம். ஓலை விரியச் சில கிழமைகள் செல்லுமாதலால், இன்று காணும் வெட்டு முன்னொரு நாளைய வெட்டு. வண்டு இன்னும் உள்ளே உண்டோ என்பதை அறியக் குருத்தின் அருகே மட்டையின் அடியைப் பார்த்தல் வேண்டும். மென்று துப்பிய நார், ஈரமாய், துளையின் வாயில் அடைந்திருக்குமாயின் வண்டு உள்ளேயே இருக்கின்றது. நுனி வளைந்த இரும்புக் கம்பியைச் செலுத்தி அதனை இழுத்தெடுப்பது மரமேறுவோர் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. அதனினுஞ் சிறந்த முறை இன்றும் அதிகமில்லை. இளந்தென்னையாயின் குருத்தைச் சூழவுள்ள மட்டைக் கவர்களில் மணலும் வேப்பம் பிண்ணாக்குங் கலந்து இடுதல் வண்டைத் தடுக்கும்.

இவ்வண்டைப் பற்றி ஒரு புதுமை உண்டு. பெரும்பாலான பூச்சிகளிற் புழுவே கேடு செய்யும்; கருவண்டிலோ முதிர்ந்த வண்டே கேடு செய்கின்றது. அதன் குடம்பி உயிருள்ள மரத்தைத் தீண்டுவதேயில்லை. உக்கிய தென்னங்குற்றியிலும், பட்டுநிற்கும் பனையின் உள்ளீட்டிலும், எருக்கும்பியிலும், குப்பைக் கிடங்கிலும் அது வளர்கின்றது. பிறைபோல் வளைந்த வெள்ளைப் புழு, கபிலநிறத் தலை, மார்பில் மூன்று சோடி கால்கள். முற்றிய புழு ஒருவர் கைவிரலிலும் பருமனாயிருக்கும். மூன்று மாதம் முதல் ஆறு மாதம்வரை இவ்வாறு கிடந்து, பின்னர் கூட்டுப்புழுவாகி, வண்டாகிப் பறக்கின்றது. ஆகவே மரத்தின் தலையிற் காணும் நோய்க்கு மூலம் மரத்தில் இல்லை. வேலியோரத்திற் கிடக்கும் குற்றியில் இருக்கின்றது. அக்குற்றி நம் வளவினதாக இருக்கவேண்டும் என்பதுமில்லை.

தீவகத்துக்கு இது வெறும் நூலறிவன்று. 1990களின் தொடக்கத்தில் மக்கள் இடம்பெயர்ந்து சென்றபின் பல வளவுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. வடபகுதியெங்கும் காவலரண்களுக்காகப் பனைகள் தறிபட்டன. எறிகணை பட்டுத் தலையிழந்த மரங்களும் பல. பட்டுநிற்குங் கம்பம் ஒவ்வொன்றும், புதருள் விழுந்து கிடக்குங் குற்றி ஒவ்வொன்றும் கருவண்டுக்கு ஒரு தொட்டில். இக்காலத்திலும் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, காற்றுக்கு விழுந்த தென்னை விழுந்தபடியே உக்குகின்றது. அயலில் இருந்து புதிதாகத் தென்னம்பிள்ளை வைத்தவர் பிள்ளைக்கு மருந்து வைக்கிறார், வண்டு மறுபடியும் வருகின்றது, மருந்தைக் குறை சொல்கிறார். அயலவர் வளவின் பூட்டிய படலைக்குள் என்ன கிடக்கின்றது என்பது அவருக்குத் தெரியாது.

இலங்கையின் கருவண்டு உலகறிந்த வண்டு என்பதைச் சொல்லப் பெருமைப்படுவதற்கில்லை. 1909 இல் இலங்கையிலிருந்து இறப்பர்க் கன்றுகள் சமோவாத் தீவுக்கு ஏற்றப்பட்டபோது அவற்றுடன் இவ்வண்டும் சென்று இறங்கியது. தென்னையையே வாழ்வாகக்கொண்ட அத்தீவுகளில் அதற்கு இயற்கைப் பகை இல்லாமையாற் பெருஞ் சேதம் விளைந்தது. பசிபிக்குத் தீவுகள் பலவற்றுக்கும் அது பரவியது. பின்னர் 1963 இல், கூகர் என்னும் செருமானிய ஆய்வாளர் மலாயாவில் இவ்வண்டைக் கொல்லும் வைரசு ஒன்றைக் கண்டறிந்தார். 1967 இல் அது சமோவாவில் விடப்பட, வண்டின் தொகை வெகுவாகக் குறைந்தது. நஞ்சின்றிப் பூச்சியை அடக்கியமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாக நெடுங்காலம் பேசப்பட்டது. ஆயினும் 2007 இல் குவாம் தீவிலும், 2013 இல் அவாய்த் தீவிலும் தோன்றிய வண்டு அவ்வைரசுக்கு எளிதில் அடங்காத வகையினது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே; வேறுபாடு பரம்பரையலகில் இருக்கின்றது.

இனிச் செவ்வண்டுக்கு வருவோம். தமிழ்நாட்டார் இதனைச் சிவப்புக் கூன்வண்டு என்பர். கருவண்டிலுஞ் சற்றுச் சிறியது, செங்கபில நிறம், கொம்புக்குப் பதிலாக முன்னோக்கி நீண்டு வளைந்த மூக்கொன்று உடையது. கருவண்டு மரத்தைக் கெடுக்கும். செவ்வண்டு மரத்தைக் கொல்லும். இதில் வண்டு தீங்கற்றது போலவே தோன்றும். கேடு செய்வது குடம்பி. பெண்வண்டு மரத்திற் காயம்பட்ட இடத்தை மணத்தால் அறிந்து வந்து, மூக்காற் குழிசெய்து முட்டையிடுகின்றது. ஒரு வண்டு இருநூறுக்கு மேலும் இடும். பொரித்த புழு மென்மையான உள்ளீட்டைத் தின்றுகொண்டு உள்ளே செல்கின்றது. முட்டை முதல் வண்டுவரை மூன்று நான்கு மாதங்களே. வெளிவந்த வண்டுகள் அம்மரத்தைவிட்டு அகலாது அங்கேயே மறுபடியும் முட்டையிடுதலும் உண்டு. இளமரங்களே பெரும்பாலும் இதற்கு இரையாகின்றன.

இதன் அடையாளங்கள் தலையில் அல்ல, தண்டில் உள்ளன. சிறு துளை, அதிலிருந்து வடியும் செங்கபிலப் பசை, அதனோடு மென்ற நார், அருகே சென்றால் புளித்த கள்ளின் நாற்றம். தண்டிற் காதை வைத்துக் கேட்டால், உள்ளே புழு கொறிக்கும் ஓசை கேட்கும். அமைதியான அதிகாலையில் இதனைச் செய்து பார்த்தல் நன்று. மேனாடுகளில் இதே ஓசையைக் கேட்பதற்கு நுண்ணிய ஒலிவாங்கிகளைச் செய்து தண்டிற் பொருத்துகின்றனர், தத்துவம் ஒன்றே. மட்டையின் இடுக்கில் நாரைச் சுற்றிப் பின்னியது போன்ற, பெருவிரலளவு கூடு கிடைக்குமாயின் அது செவ்வண்டின் கூட்டுப்புழு இருந்த கூடு. புழு கிடைப்பின் அதன் காலைப் பார்க்க வேண்டும். கருவண்டுக் குடம்பிக்கு ஆறு கால். செவ்வண்டுக் குடம்பிக்குக் காலே இல்லை. எருக்கும்பியில் அகப்பட்ட புழுவையும் தண்டில் அகப்பட்ட புழுவையும் ஒன்றெனக் கருதுவோர்க்கு இந்த ஒரு குறிப்புப் போதும்.

குருத்து வாடிச் சாய்ந்தபின் பார்ப்பவர்க்குச் செவ்வண்டை அறிதல் எளிது, அறிந்து பயனில்லை. அந்நிலையில் உள்ளீடு முழுவதும் கூழாகியிருக்கும். அம்மரத்தைத் தறித்து, பிளந்து, உள்ளே உள்ள புழுவும் கூடும் எரியுமாறு தீயிடுதலே அயல் மரங்களுக்குச் செய்யும் உதவி. தறித்துச் சும்மா கிடக்கவிட்டால் முன்னையதிலும் கேடு பெரிது. செவ்வண்டு அங்கிருந்து வெளியேறும். குற்றி உக்கத் தொடங்கியதும் கருவண்டு அங்கே குடிபுகும்.

இவ்விரண்டு வண்டுகளுக்கும் ஓர் உறவும் உண்டு. கருவண்டு செய்த துளை செவ்வண்டுக்கு வாயில். முன்னது வெட்டிய ஓலைகளைக் கண்டு ‘இது தேறிவிடும்’ என்று விட்ட மரம் நான்கு மாதத்தின்பின் திடீரெனச் சாயுமாயின், இரண்டாவது வண்டு வந்துள்ளது என்பது பொருள். மனிதர் செய்யும் வாயில்களும் குறைவல்ல. உடுப்புக் காயவிடுங் கொடி கட்டத் தென்னையில் அடிக்கும் ஆணி, ஏறுவதற்காகக் கொத்தும் படி, பசிய மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டுதல், மாட்டைக் கட்டிக் கயிறு தேய்த்த புண், குப்பை கொளுத்தித் தீய்த்த அடிமரம் ஆகிய யாவும் செவ்வண்டுக்கு அழைப்பு. பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமாயின் தண்டிலிருந்து மூன்றடியளவு விட்டு வெட்டுதல் வேண்டும். காயத்தைத் தார் பூசி மூடுதலும் நன்று.

1980களின் நடுப்பகுதியில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோட்டங்களை இச்செவ்வண்டு அடைந்தது. 1990களில் இசுப்பானியாவிற் கால்வைத்தது. இன்று மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிற் பெரும்பாலனவற்றில் உண்டு. அது கடலைப் பறந்து கடக்கவில்லை. அழகுக்காக வாங்கிய இளமரங்களின் தண்டினுள் இருந்து பயணஞ் செய்தது. ஆண்வண்டு வெளியிடும் அழைப்பு மணத்தின் இரசாயன அமைப்பு 1993 இல் வெளியாயிற்று. அதனைக் கொண்டு வண்டை ஈர்த்துப் பிடிக்கும் பொறிகள் இன்று இலங்கையிலும் பயன்படுகின்றன. பொறியை இளந்தென்னைக்கு அருகிற் தொங்கவிடலாகாது. விருந்தாளியை அழைத்துப் பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்திய கதையாகும்.

பனைக்கும் இவ்விரண்டு வண்டுகளுமே பகை. ஆயினும் முற்றிய பனையின் புறவைரம் மிகக் கடினமானது. ஆதலால் தென்னையிற் போல அடிக்கடி தண்டிற் சேதம் காணப்படுவதில்லை. வட்டுக்குள் என்ன நடக்கின்றது என்பதைக் கீழிருந்து அறிய இயலாது. நாடோறும் பனையேறியவர் இருந்த காலத்தில் ஒவ்வொரு வட்டும் ஒவ்வொரு நாளும் ஒருவர் கண்ணிற் பட்டது. பனையேறுவோர் அருகிவிட்டமையால் இழந்தது கள்ளையும் கருப்பநீரையும் மாத்திரமன்று.

மாவுக்கு வருவோம். கறுத்தக்கொழும்பான் மாவின் ஒரு பெருங்கொம்பு மட்டும் இலை பழுத்து வாடுமாயின், தண்டு துளைப்பானைச் சந்தேகிக்கலாம். இது நீண்ட உணர்கொம்புகளையுடைய பெரிய வண்டு. சாம்பர் கலந்த கபிலநிறம். மார்பின் மேல் செம்மஞ்சட் புள்ளிகள் இரண்டு. பட்டையைக் கடித்துக் கீறி அதில் முட்டையிடும். புழு முதலிற் பட்டையின் கீழும் பின்பு மரத்தினுள்ளும் குடைந்து ஓராண்டுவரையும் அதற்கு மேலும் வாழும். துளையின் வாயிற் பருமனான மரத்தூளும் சக்கையும் ஒழுகிய பசையும் கலந்து கிடக்கும். சுண்டுவிரல் புகத்தக்க வட்டத் துளை தூளின்றி வெறுமையாக இருக்குமாயின், வண்டு வெளியேறிவிட்டது. அதற்குள் மருந்து ஊற்றுவது வெறுங் கூட்டில் கல்லெறிவதை ஒக்கும். புதிய தூள் விழும் துளையைத் தேர்ந்து கம்பி செலுத்திப் புழுவைக் குத்தி, களிமண்ணால் அடைத்தல் வேண்டும். பலாவிலும் முருங்கையிலும் அத்தி இனங்களிலும் இதே வண்டு உண்டு.

முருங்கை, கொய்யா, புளி முதலியவற்றின் கவர்களில், பட்டை மேல் நூலாற் பின்னிய தூட்பட்டி ஒன்று வளைந்து வளைந்து செல்லுதலைக் கண்டிருப்பீர்கள். பலரும் அதனைக் கறையான் மண் என்று எண்ணித் தட்டிவிடுவர். தொட்டுப் பார்த்தால் அது மண்ணன்று. பட்டைத் தூளும் எச்சமும் பட்டுநூலாற் கட்டப்பட்டது. ஒருவகை அந்துப்பூச்சியின் மயிர்க்கொட்டி பகலில் கவரிலுள்ள சிறு துளையினுள் ஒளிந்திருந்து, இரவில் அப்பட்டியின் மறைவில் வந்து பட்டையைத் தின்கின்றது. பட்டியை வழித்துவிட்டு, அது சென்று முடியும் துளையைத் தேடிக் கம்பியாற் குத்தினாற் போதும்.

கறையானோ துளைப்பானே அன்று. மண்ணாற் கூரையிட்டு அதன் கீழே பட்டுப்போன பட்டையையும் உலர்ந்த மட்டையையும் தின்கின்றது. மண்ணைச் சுரண்டிப் பார்த்து, அடியில் உயிர்ப்பட்டை பழுதின்றி இருப்பின் அஞ்சவேண்டியதில்லை. மணற்றரையில் வைத்த தென்னம்பிள்ளைக்கும் வீட்டு வளைக்கும் மாத்திரம் அதனாற் பெருந் தீங்கு உண்டு.

பந்தற்காலிலும் வேலியின் உலர்ந்த கதியாலிலும், துறப்பணத்தால் இட்டாற்போன்ற நேர்த்தியான வட்டத் துளை ஒன்று, கீழே மஞ்சள் நிறத் தூள், அருகே பேரிரைச்சலுடன் வட்டமிடும் கரிய உடல். இதனைக் கண்டோர் பலர், “கருவண்டு, தென்னைக்குப் போகுமுன் அடி” என்று விளக்குமாற்றைத் தேடுவர். பேச்சுவழக்கிற் கருமையாய் இரைவன எல்லாங் கருவண்டு ஆகிவிட்டமையால் வந்த வினை இது. இது வண்டே அன்று, தச்சத்தேனீ. மரத்தைக் குடைந்து வீடாக்கி, மகரந்தத்தையும் தேனையும் சேர்த்து அதன்மேல் முட்டையிடுகின்றது, மரத்தைத் தின்பதில்லை, உயிருள்ள தென்னையைத் தொடுவதில்லை. முருங்கைப் பூவில் மகரந்தங் கடத்துவோரில் முதன்மையானது இதுவே. இதனை அடித்துக் கொன்றவர் முருங்கை காய்க்கவில்லை என்று கவலைப்படுதல் பொருந்தாது. வீட்டு மரமாயின் துளையை அடைத்து வர்ணம் பூசலாம். பட்ட கதியாலாயின் அதனை அங்கேயே விட்டுவிடலாம்.

அறுத்த மரத்திலும் தளபாடத்திலும் மூங்கிலிலும் குண்டூசித் தலையளவு துளைகளும், அவற்றின் கீழ் மாப்போன்ற தூளும் காணின் அது உளுப்பு வண்டு. இது தேடுவது மரத்திலுள்ள மாப்பொருள். வைரத்தில் மாப்பொருள் இல்லை. ஆதலால் வெளிமரமே உளுக்கும். வெட்டிய மூங்கிலைக் கிழமைக்கணக்கில் நீரில் ஊறப்போடும் பழைய வழக்கத்தின் காரணம் இதுதான். நீர் அந்த மாப்பொருளைக் கரைத்துவிடுகின்றது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பதற்கு இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை. ஊறப்போடுதலையே நாம் நம்புவோம். துளை பழையதா புதியதா என்று ஐயமிருப்பின், தூளைத் துடைத்துவிட்டு அடியிலே கறுப்புக் கடதாசி ஒன்றை விரித்து மறுநாள் பார்க்கலாம். தூள் விழாதாயின் வண்டு போய்விட்டது.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் பணிபுரிந்த பழைய மாணவர்கள், இதனினுஞ் சிறிய துளையிடும் வண்டை நன்கு அறிவர். இரண்டு மில்லிமீற்றர் நீளமே உடைய அவ்வண்டு, தான் கொண்டுவந்த பங்கசைத் துளைச் சுவரிற் பயிர்செய்து அதனையே உண்கின்றது. 1868 இல் இலங்கையிற் சேர்த்த மாதிரிகளைக்கொண்டு ஐக்கோவ் என்பவர் அதற்குப் பெயரிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளின்பின், கலிபோர்னியாவிலும் தென்னாபிரிக்காவிலும் தெருமரங்களைக் கொல்லும் வண்டு எதுவெனத் தேடப் புகுந்தபோதுதான், அப்பெயரின் கீழ் ஒன்றல்ல, நெருங்கிய உறவுடைய பல இனங்கள் இருந்தமை தெளிவாயிற்று. அறிஞரே இவ்வாறு இடர்ப்பட்ட விடயத்தில் ஊரவர் ‘வண்டு’ என்ற ஒரு சொல்லோடு நின்றதைக் குறைகூற வேண்டியதில்லை.

தீவகத்தில் மாத்திரம் எதிர்ப்படும் ஒரு துளையையுஞ் சொல்லவேண்டும். பழைய தோணியின் பலகையையோ, கரையொதுங்கிய மரத்தையோ கொண்டுவந்து மாட்டுக்கொட்டிலுக்குக் குறுக்கே போடுவது இங்கு வழக்கம். ஒருநாள் அதனை அறுக்கும்போது உட்புறம் தேனடைபோற் துளைபட்டிருப்பதைக் கண்டு, வீட்டுக்கூரைக்கும் பரவிவிடுமோ என்று அஞ்சுவர். துளையின் உட்சுவரைப் பார்த்தால் வெண்சுண்ணம் பூசியதுபோல மெல்லிய ஓடு தெரியும். நிலத்துப் பூச்சி எதுவும் தன் துளைக்குச் சுண்ணம் பூசுவதில்லை. இது கப்பற்புழு எனப்படும். உண்மையிற் புழுவன்று, மட்டியும் சிப்பியும் சேர்ந்த இனத்தது. தன் சிறிய இரட்டை ஓட்டையே அரமாகக்கொண்டு மரத்தை அராவுகின்றது. குஞ்சாய் இருக்கும்போது ஊசித்துளை வழியே புகுந்துவிடுவதால், வெளியே பலகை பழுதற்றது போலவே தோன்றும். கடல்நீரின்றி அதற்கு வாழ்வில்லை. கரைக்கு வந்து உலர்ந்த பலகையில் அது இறந்து நெடுங்காலமாயிருக்கும். வீட்டுக்கு அதனால் ஓர் அச்சமும் இல்லை. பலகை பாரந் தாங்குமா என்பது மாத்திரமே கவனிக்கத்தக்கது.

தோணிகளைக் காலத்துக்குக் காலம் கரையேற்றி உலர்த்தும் பழக்கம் இவ்வுயிருக்கு எதிராகவே பிறந்தது. கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபின் அதன் தேவை குறைந்துவிட்டது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, நெடுந்தீவுக்குத் தம் நகரொன்றின் பெயரை இட்ட ஒல்லாந்தர், 1731 இல் தம் நாட்டுக் கடலணைகளின் மரக்கட்டைகளை இதே உயிர் தின்றுவிட்டதைக் கண்டு நடுங்கினர். கல்லைக்கொண்டு அணையைப் புதுப்பிக்க நேர்ந்தது. பொறியியலாளர் புறூணல் 1818 இற் காப்புரிமை பெற்ற சுரங்கந் தோண்டும் கவசத்துக்கு இதன் துளைக்கும் முறையே வழிகாட்டிற்று என்பர்.

வளவுக்குத் திரும்புவோம். வெளியூரில் வாழ்வோர் ஊரிலுள்ள உறவினரையோ காவலரையோ கேட்டு அறியக்கூடியவை பல. ‘மரம் எப்படி?’ என்று கேட்டால் ‘வாடிப்போச்சு’ என்ற விடையே கிடைக்கும். குருத்து நேரே நிற்கின்றதா, ஓலையில் முக்கோண வெட்டு உண்டா, தண்டிற் பசை வடிகின்றதா, கள் நாற்றம் வருகின்றதா, வளவில் எத்தனை குற்றி கிடக்கின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டல் வேண்டும். கடைசிக் கேள்வியே முதன்மையானது. கிடக்குங் குற்றியைப் பிளந்து எரிப்பதற்கும், பட்டுநிற்கும் மரத்தைத் தறிப்பதற்கும் ஆகுஞ் செலவு, ஆண்டுதோறும் தென்னம்பிள்ளைக்கு வாங்கும் மருந்தின் செலவிலும் பெரும்பாலும் குறைவு. பனையாயின் தறிக்குமுன் உரிய அனுமதி பெறல் வேண்டும். எருக்கும்பியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டினால் புழு வெளிப்படும். மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

பூச்சி இன்னதென்று உறுதியாகத் தெரியாதவிடத்து எந்த நஞ்சையும் ஊற்றாதிருத்தல் நன்று. தண்டிற் துளையிட்டு மருந்து செலுத்துவது விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையோடு செய்யவேண்டிய வேலை. தென்னைக்கு லுணுவிலையிலுள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையமும், பனைக்குக் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. அங்கே கொண்டுசெல்வதற்கு வண்டையோ புழுவையோ மதுசாரம் நிறைந்த சிறு போத்தலில் இடுதல் வேண்டும். புழுவாயின் முதலிற் கொதிநீரில் ஒருகணம் ஆழ்த்தி எடுத்தால் நிறங் கறுக்காது. துளையிலிருந்த தூளிலும் ஒரு பிடி தனியே காகிதப் பையில் எடுத்துக்கொள்ளலாம். எந்த மரம், தலையிலா தண்டிலா, எந்த ஊர், எந்த நாள் என்பனவற்றை ஒரு துண்டில் எழுதிப் போத்தலினுள்ளேயே போடவேண்டும். பென்சிலால் எழுதுக, மை மதுசாரத்திற் கரைந்துவிடும்.